தூக்கியும் தட்டிய பிக்கப்: பாலமேட்டுத் தோப்பு வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். டீசல், நான்கு சக்கர ஓட்டம், வெள்ளை போர்டு. முன்பக்கம் தனித்தனியாக ஆடும் இரட்டைக் கை அமைப்பும் காயில் ஸ்பிரிங்கும். பின்பக்கம் ஒரே தண்டு ஆக்சிலும் கமான் பட்டையும். உரிமையாளருக்குப் பாலமேட்டுக்கு அப்பால், சாத்தையாறு அணைப் பக்கம் மாவும் தென்னையுமாக ஒரு தோப்பு. உர மூட்டை உள்ளே போகும், காய் வெளியே வரும், இடையில் குடும்பத்தோடு மதுரைக்கும் போய்வருவார்கள். சரக்கு வண்டியும் அதுதான், வீட்டு வண்டியும் அதுதான்.

எங்கள் பட்டறைக்கு வரும்போதே முன்பக்கம் தூக்கப்பட்டிருந்தது. வேறொரு இடத்தில் ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேல் ஸ்பேசர் என்னும் வளையத்தை வைத்து, முன்பக்கத்தைப் பின்பக்கத்துக்குச் சமமாக்கியிருந்தார்கள். பிக்கப் வைத்திருப்பவர்கள் 'லெவல்' செய்வது என்று சொல்வது இதைத்தான். இப்போது அடுத்த வேலைக்கு வந்திருக்கிறார்.

"தம்பி, முன்னாடி தூக்கியாச்சு. பின்னாடியும் ரெண்டு இஞ்ச் கட்டை வச்சுவிட்டிருங்க. டயரையும் ஒரு சைஸ் பெருசாப் போட்டுட்டா அடி தட்டாது. மருமகன் எல்லாம் பார்த்து வச்சிருக்கான்."

மருமகன் என்றது அக்கா மகனை. கையில் போன், அதில் தாய்லாந்து வண்டிகளின் படங்கள். வேலைக்குத் தேவையானதெல்லாம் போனில் இருந்தது, இந்த வண்டியைத் தவிர.

பேச்சுக் கொடுத்ததில் ஒவ்வொன்றாக வந்தது. இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் லைட்டை அடித்துக் காட்டுகிறார்கள். ரிங் ரோட்டில் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் மிதக்கிறது. முன் டயர்கள் இரண்டும் வெளி ஓரத்தில் தேய்கின்றன. தோப்பு மேட்டில் நான்கு சக்கர ஓட்டம் போட்டு ஒடித்து ஏறினால் முன் இடது பக்கம் 'டிக் டிக்'. வயதான அம்மாவால் ஏறி உட்கார முடியவில்லை, ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது. கடைசியாக, போகிற போக்கில் சொன்னதுதான் முக்கியம்: "அடி இன்னமும் தட்டத்தான் செய்யுது."

தட்டக்கூடாது என்றுதான் தூக்கினார். தூக்கிய பிறகும் தட்டுகிறது. ஆகவே எது தட்டுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. பின்பக்கக் கட்டையைப் பற்றிப் பேசும் முன் அதைத் தெரிந்துகொள்ளலாம் என்றோம்.

சுண்ணாம்புச் சோதனை

சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து வண்டியின் அடியில் ஐந்து இடங்களில் பூசினோம்: முன் பம்பரின் கீழ் உதடு, இன்ஜின் அடித்தகடு, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்களின் கூடு), வண்டியின் வாலில் மாட்டியிருந்த இழுவைக் கொக்கி. காய்ந்ததும், அவர் வழக்கமாக ஏற்றும் பாரத்தையே ஏற்றச் சொன்னோம். பத்து மூட்டை யூரியா. இப்போதைய மூட்டை 45 கிலோ, ஆக 450 கிலோ. காலி வண்டியை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்வதில் பொருளே இல்லை. பாரத்தோடு தட்டும் வண்டியைப் பாரத்தோடுதான் பார்க்க வேண்டும்.

தார் ரோட்டை விட்டு இறங்கியதும் பாதை இரண்டு தடங்களாகப் பிரிகிறது. மழையில் டிராக்டர் ஓடி ஓடித் தடம் ஆழமாகிவிட்டது, நடுவில் மேடு புல்லோடு இறுகிக் கிடக்கிறது. டிராக்டர் அந்த மேட்டை உரசாமல் தாண்டிப் போய்விடும், அதனால் அதை ஓட்டுகிறவருக்கு மேடு இருப்பதே தெரியாது. பாதி தூரத்தில் ஓர் ஓடை. இறங்கி ஏற வேண்டும்.

தோப்பில் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுத்துப் பார்த்தோம். டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் அடிவயிற்றில் சுண்ணாம்பு ஒரு துளி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு பளபளவென்று தெரிந்தது, ஓரத்தில் வழிந்து காய்ந்த சுண்ணாம்பில் காய்ந்த கோரைப்புல் நாலு இழை ஒட்டியிருந்தது. இழுவைக் கொக்கியில் பாதி போயிருந்தது, போன இடத்தில் செம்மண். முன் உதட்டில் இடது மூலையில் மட்டும் ஒரு கீறல். அடித்தகடும் குறுக்குச் சட்டமும் பூசியது பூசியபடி இருந்தன.

பின் ஆக்சில் சக்கரத்தோடு நேராகப் பிணைந்தது. பட்டைக்கும் ஸ்பிரிங்குக்கும் கீழே இருப்பது. மேலே இருக்கும் பாடியையும் சேசிஸையும் எவ்வளவு தூக்கினாலும் அந்த உருண்டை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்த டயரின் விட்டம் கூட வேண்டும், அதிலும் கூடிய விட்டத்தில் பாதிதான் கணக்கில் சேரும். முன்பக்கம் தூக்கிய செலவு, பின்பக்கம் வைக்கப்போகும் கட்டை, இரண்டுக்கும் இந்த மேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மருமகன் சொன்ன மூன்றில் டயர் ஒன்றுதான் தொடர்புடையது.

கொக்கி வேறு கதை. அது சேசிஸில் மாட்டியது. பாரம் ஏற ஏறப் பின்பக்கம் இறங்கும், ஓடையை விட்டு ஏறும்போது வால் மண்ணில் இழுபடும். அந்தக் கொக்கியை அவர் பயன்படுத்தியதே இல்லையாம். அங்கேயே ஸ்பேனர் வாங்கிக் கழற்றிப்போட்டோம்.

முன்னால் குனிந்து நிற்பது எதற்கு

பிக்கப் காலியாக நிற்கும்போது மூக்கு தாழ்ந்தும் பின்புறம் தூக்கலாகவும் இருக்கும். பலருக்கு அது கண்ணை உறுத்துகிறது. கம்பெனி அப்படி விடுவதற்குக் காரணம், பின்னால் பாரம் ஏறினால் வண்டி தானாகச் சமமாக வேண்டும். இந்த வண்டியில் அளந்து பார்த்தோம். அளவைத் தரையிலிருந்து எடுக்கக் கூடாது, டயரில் காற்று கூடக் குறைய இருந்தால் கணக்கு கெட்டுவிடும். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எடுக்க வேண்டும்.

ஸ்பேசர் முன்பக்கத்தை 50 மி.மீ. தூக்கியிருந்தது. அதற்கு முன் மூக்கு சுமார் 45 மி.மீ. தாழ்ந்திருந்திருக்கிறது. 450 கிலோ ஏற்றியதும் பின்பக்கம் 60 மி.மீ. இறங்கியது. ஸ்பேசர் இல்லாத வண்டி அந்தப் பாரத்தில் ஏறக்குறைய சமமாக நின்றிருக்கும். இது 65 மி.மீ. மூக்கு தூக்கி நின்றது, பின்னங்காலை மடக்கிய மாடு போல.

லைட் புகார் இங்கிருந்துதான் வருகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம் 3.1 மீட்டர். முன்பக்கம் மட்டும் 50 மி.மீ. ஏறினால் வண்டி முழுவதும் 1.6 சதவீதம் மேல் நோக்கிச் சாய்கிறது. டிம் வெளிச்சத்தைப் பொதுவாகவே ஒன்று, ஒன்றரை சதவீதம்தான் கீழே இறக்கி வைப்பார்கள். அந்த இறக்கம் முழுவதையும் ஸ்பேசர் தின்றுவிட்டது. பாரமும் ஏறிய நிலையில் முன் ஏறிய 50-உம் பின் இறங்கிய 60-உம் சேர்ந்து கணக்கு 3.5 சதவீதம், 25 மீட்டர் தள்ளி எதிரே வருகிறவருக்கு வெளிச்சம் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கிட்டத்தட்ட 90 செ.மீ. மேலே விழும், அதாவது முகத்தில். அலங்காநல்லூர் ரோட்டில் எதிரே வந்தவர்கள் லைட்டை அடித்துக் காட்டியதில் தப்பே இல்லை. ஸ்பேசர் வைத்தவர்கள் சுவரில் வெளிச்சத்தை அடித்து இரண்டு திருகைத் திருகியிருந்தால் காலி வண்டிக்காவது சரியாகியிருக்கும்.

இதில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. முன்னால் கனமான இரும்பு புல்பார், அதாவது பம்பருக்கு முன் மாட்டும் தடுப்புக் கம்பி. அதை இரண்டு பேர் பிடித்து இறக்கியதும் மூக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக எழுந்தது. 'வண்டி ரொம்பக் குனியுது' என்பதில் ஒரு பங்கு அவரே மாட்டியது. புல்பார் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மீறுகிறது, நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு 2017 டிசம்பரிலேயே எழுதியாயிற்று. ஆனாலும் பாதி வண்டிகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஸ்பேசர் உள்ளே என்ன செய்திருந்தது

முன் ஷாக் கீழ்க் கையின் நுனியில் மாட்டப்படுவதில்லை, நடுவாக்கில் மாட்டப்படுகிறது. அதனால் ஸ்பேசரின் தடிமனைவிடச் சக்கரம் அதிகமாக இறங்கும். ஓர் அங்குலம் வைத்தால் வண்டி கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் ஏறிவிடும். சின்ன வளையம்தானே என்று வைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

ஸ்பேசரில் இரண்டு வகை. ஷாக்குக்கு வெளியே, தலையில் வைப்பது ஒன்று. காயிலுக்கு மேல் வைத்து ஸ்பிரிங்கை இறுக்குவது இன்னொன்று. இரண்டாவது வகையில் ஷாக் எந்நேரமும் நீண்டே நிற்பதால் சக்கரம் கீழே இறங்க மிச்சம் இருக்காது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் இறங்கும்போது 'டக்' என்று இழுத்துப் பிடிக்கும். இந்த வண்டியில் இருந்தது முதல் வகை. ஓட்ட மெத்தென்று பழையபடியே இருக்கும், அதுதான் ஏமாற்றும். சக்கரம் முழுவதும் தொங்கும்போது கம்பெனி அனுமதித்ததைவிடக் கீழே போகிறது. சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் அச்சின் மூட்டு, மேல் கையின் பால் ஜாயின்ட், பிரேக் ஹோஸ், மூன்றும் அந்தக் கூடுதல் இறக்கத்தைத் தாங்க வேண்டும். மாறாக, பெரிய குழியில் விழுந்து சக்கரம் மேலே ஏறினால், அதைக் கடைசியில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் தாங்குவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டிவிடலாம்.

ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டதும் 'டிக் டிக்'கின் கதை தெரிந்தது. இடது அச்சின் ரப்பர் பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி ஒரு மடிப்பில் வாய் திறந்திருந்தது. கிரீஸ் வெளியேறி ரிம்மின் உள்பக்கம் கோடு கோடாகத் தெறித்திருந்தது, மிச்சம் இருந்த கிரீஸில் ஓடை மணல். விரலில் தேய்த்தால் நரநரத்தது. வலது பூட் இன்னும் கிழியவில்லை, மடிப்பு வெளுக்கத் தொடங்கியிருந்தது.

அலைன்மென்ட் மேடையில் ஏற்றியபோது மீதிப் புகார்களுக்கும் விடை வந்தது. சக்கரத் தலை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது, அதனால் வெளி ஓரத் தேய்மானம். காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்திருந்தது, ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்கும் வேகத்தில் நிலையாக நிற்பதற்கும் காஸ்டர்தான் காரணம், அது குறைந்தால் ரிங் ரோட்டில் மிதக்கத்தான் செய்யும். டோவும், அதாவது முன் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவும், கலைந்திருந்தது. டோவைச் சரி செய்துவிடலாம். காஸ்டரை ஓரளவுக்கு மேல் திருப்பிக் கொண்டுவர கம்பெனி கொடுத்திருக்கும் திருகு போதாது, வேறு மேல் கை வாங்க வேண்டும். ஸ்பேசர் மலிவு என்று சொல்லும்போது மேல் கையின் விலையையும் சேர்த்துச் சொல்கிற கடையை நான் இதுவரை பார்க்கவில்லை.

பின்பக்கக் கட்டை

கேட்ட வேலையை ஏன் செய்யவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து நீள யு-போல்ட்டால் இறுக்குவது ஒரு வழி. செலவு குறைவு. ஆனால் இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். கட்டை அந்த முறுக்குக்கு நெம்புகோலாகிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டை அடுக்குவதைச் செய்யவே கூடாது. பழைய யு-போல்ட்டைத் திரும்ப மாட்டுவதும் அப்படித்தான், ஒருமுறை இறுக்கி நீண்டது மறுபடி அதே பிடியைத் தராது.

நம் ஊர்ப் பட்டறைகளின் கைவைத்தியம் வேறு: பட்டையைக் கழற்றிச் சம்மட்டியால் அடித்து வளைவு கூட்டுவது, அல்லது ஒரு பட்டை சேர்ப்பது. அடித்து வளைத்தது பாரத்தில் சீக்கிரமே படுத்துவிடும். பட்டை சேர்ப்பது எப்போதும் முழுப் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு நியாயம். வாரத்தில் பாதி நாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு காலியாக ஓடும் வண்டிக்குப் பட்டை சேர்த்தால், சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் பின்புறம் குதித்துக் குதித்து வழுக்கும்.

பின்பக்கம் உயர்ந்தால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறி, நகரும்போது ஓர் அதிர்வு வரலாம். இன்னொரு விஷயம் இந்த வண்டிக்கு இல்லை என்றாலும் சரக்குப் பிக்கப் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பல சரக்கு வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு கம்பி இணைந்த வால்வு இருக்கும். பாரம் ஏறிப் பின்பக்கம் இறங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், ஏறி நின்றால் குறைக்கும். பின்னால் தூக்கிவிட்டு இந்தக் கம்பியைச் சரி செய்யாமல் விட்டால், வண்டி நிறையப் பாரம் இருந்தாலும் வால்வு அதைக் காலி வண்டியாகவே நினைக்கும். பின் பிரேக் பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்காது.

கவிழும் ஆபத்துக்குக் கணக்கு எளிது. இடது வலது சக்கரங்களின் இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுப்பார்கள். வரும் எண் குறையக் குறைய வண்டி எளிதில் கவிழும். தூக்கினால் வகுக்கும் எண் கூடுகிறது. அகலம் அப்படியே நிற்கிறது.

டயர்

மருமகன் கேட்டது 265/70 ஆர்17. வண்டியில் இருந்தது 255/65 ஆர்17. விட்டம் 763 மி.மீ.யிலிருந்து 803 மி.மீ.க்குப் போகும், டிஃபரன்ஷியல் 20 மி.மீ. உயரும். அந்த மேட்டுக்கு இது போதாது. தடம் அதைவிட ஆழம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63 ஓடும். இன்ஜினுக்குக் கியர் ஐந்து சதவீதம் நீண்டது போலாகும், ஏற்றத்தில் அது தெரியும். முழுவதும் ஒடித்தால் உள் மட்கார்டில் உரசுமா என்று ஒவ்வொரு வண்டியிலும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அளவை மாற்ற வேண்டாம், மண் பாதைக்கேற்ற ஆல் டெரெய்ன் பட்டன் (டயரின் மேல் வெட்டு) மட்டும் மாற்றுங்கள் என்றோம். மருமகனுக்கு முகம் விழுந்துவிட்டது.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: "மாப்ள, கெத்துக்காகத் தூக்கணும்னா கெத்துக்காகன்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு வேலை இருக்கு, அதுக்கு ஒரு பட்ஜெட் இருக்கு. தோப்புல தட்டுதுங்கிறதுக்கு மருந்து அது கிடையாது." கெத்துக்காகச் செய்வதில் எனக்கு மறுப்பு இல்லை. அப்படியென்றால் ஸ்பிரிங், ஷாக், மேல் கை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திய செட்டாக வாங்கி, அலைன்மென்ட்டும் லைட்டும் சரி பார்த்துச் செய்ய வேண்டும். ஸ்பேசரில் தொடங்கிக் கட்டையில் முடிவது எந்தக் கணக்கிலும் சேராது.

ஆர்சியும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'மாற்றம் ஒன்றுக்கு' என்பதைக் கவனிக்க வேண்டும். புல்பார் தனி, ஸ்பேசர் தனி.

ரோட்டில் போலீஸ் ஷாக்கின் தலையைக் குனிந்து பார்க்கப்போவதில்லை, சரி. விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் பார்ப்பார். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மில் இழுத்தடிக்க இன்சூரன்ஸ்காரருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். என்ன செய்வதானாலும் முதலில் அவர்களிடம் எழுத்தில் கேட்டு, பதிலை வண்டிக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளச் சொல்வது எங்கள் வழக்கம்.

செய்த வேலை

ஸ்பேசரைக் கழற்றினோம். இடது அச்சு மூட்டைப் பிரித்துக் கழுவினோம். குண்டுகள் ஓடும் பள்ளங்களில் தடம் விழவில்லை, அதனால் மூட்டு பிழைத்தது. இரண்டு பக்கமும் புது பூட், புது கிரீஸ். அலைன்மென்ட், பிறகு லைட். லைட்டை ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்த காலி வண்டியில் ஒருமுறை சரி செய்து, பத்து மூட்டையோடு மறுபடி பார்த்தோம். ஓரம் தேய்ந்த முன் டயர்கள் போனவைதான். நான்கையும் பழைய அளவிலேயே மாற்றிக்கொண்டார்.

பெரிய வேலை வண்டியில் நடக்கவில்லை. ஜேசிபி கூப்பிட்டு நடு மேட்டைச் சீவி, தடத்தில் உடைகல்லும் கிராவலும் கொட்டி டிராக்டரை ஓட்டி இறுக்கினார்கள். கட்டைக்கும் டயருக்கும் ஒதுக்கியிருந்த பணத்துக்குள் முடிந்தது என்றார். பக்கத்துத் தோப்புக்காரரும் பாதி கொடுத்தாராம்.

மாங்காய் சீசன் முடிந்து ஐப்பசி மழையும் பெய்த பிறகு வண்டி சர்வீஸுக்கு வந்தது. பூட் இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன, முன் டயர் தேய்மானம் உள்ளும் வெளியும் ஒரே அளவு. டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் அடியில் பளபளத்த இடத்தில் துரு படர்ந்திருந்தது. அங்கே இப்போது எதுவும் உரசவில்லை. ஓடைக் கரையில் மட்டும் மழை கிராவலை இழுத்துப் போயிருக்கிறது. ஏறும் இடத்தில் முன் பம்பரின் இடது உதடு இன்னும் உரசுகிறது. அது பிளாஸ்டிக், கிடந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். வருகிற கோடையில் அங்கே குழாய் பதித்து ஒரு சின்னத் தரைப்பாலம் போட விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.